கப்பும் கமகமப்பும்

கும்மிடிப்பூண்டி லோக்கலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். வண்டி எந்த ஸ்டேஷனில் நிற்கிறது என்று மூக்கை வைத்தே சொல்ல வேண்டும். திருவொற்றியூர்ப் பையன்களான எங்களுக்கு அது ஒரு பந்தயம். ராயபுரம் என்றால் காசிமேட்டுக் கவுச்சி, அதைத் தவறவிட்டவன் எவனும் இல்லை. கொருக்குப்பேட்டையில் சாக்கு மூட்டையும் தானியப் புழுதியும். தண்டையார்பேட்டையில் டீசல், மண்ணெண்ணெய். திருவொற்றியூர் தாண்டி விம்கோ நகர் வருவதற்குள் சுட்ட ரப்பர். எண்ணூர் நெருங்கும்போது மூக்குத் தண்டுக்குள் ஊசி ஏற்றுவது போல ஒரு நெடி. அதற்கு அம்மோனியா என்று பெயர் என்பது பிளஸ் ஒன் லேபில்தான் தெரிந்தது. பெயர் தெரிவதற்குப் பல வருடம் முன்பே ஆளைத் தெரியும்.

2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்துவிட்டது. ஏசி பெட்டி, இறுக அடைத்த கதவு. இன்றைய பையன்களால் அந்தப் பந்தயம் ஆட முடியாது.

எங்கள் தெருவில் இந்த ஆட்டத்தில் யாராலும் ஜெயிக்க முடியாத ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் அவர் ‘எசென்ஸ் அண்ணன்’. தென்சென்னையில் ஒரு எசென்ஸ் கம்பெனியில் வேலை. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு எடை போடும் அறையில் சேர்ந்தவர், முப்பத்தாறு வருடம் கழித்து அதே கம்பெனியில் ஓய்வு பெற்றார். சாயங்காலம் பீச் ஸ்டேஷனில் வண்டி மாறி அவர் ஏறினால் பெட்டியே திரும்பிப் பார்க்கும். ஒருநாள் அன்னாசி, ஒருநாள் வெண்ணிலா, ஒருநாள் வறுத்த கோழி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மீன்காரம்மா கூடையையும் அவரையும் மாறி மாறிப் பார்ப்பார். “ஊருக்கெல்லாம் பழ வாசனை, எனக்கு அழுக்குத் துணி” என்று அண்ணி அலுத்துக்கொள்வது தெருவுக்கே மனப்பாடம். அண்ணன் சட்டையை மற்ற துணிகளோடு சேர்த்து ஊறவைக்கவே மாட்டார்.

வாசனைத் தொழில் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நண்பர்கள் அத்தர் ஊரான கன்னௌஜுக்கு டிக்கெட் போடச் சொன்னார்கள். பிரான்சின் கிராஸ், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா என்றெல்லாம் யோசனை வந்தது. நான் போனது கொருக்குப்பேட்டை வழியாகத்தான்.

எடை போடும் அறை

தொழிலில் இரண்டு கிளை. வாய்க்குள் போவதற்கு ஃப்ளேவர், மேலே பூசுவதற்கும் ஏற்றி வைப்பதற்கும் ஃப்ராக்ரன்ஸ். முதலாவதைச் செய்கிறவர் ஃப்ளேவரிஸ்ட், இரண்டாவதைச் செய்கிறவர் பெர்ஃப்யூமர். இரண்டுமே வெளியே பெயர் தெரியாத வேலை. சோப்பு உறையில் சோப்பு கம்பெனியின் பெயர் இருக்கும், பிஸ்கட் பாக்கெட்டில் பிஸ்கட் கம்பெனியின் பெயர் இருக்கும். உள்ளே இருக்கும் வாசனையை உட்கார்ந்து கட்டியவர் பெயரோ அவருடைய கம்பெனியின் பெயரோ எங்கும் இருக்காது. சின்ன எழுத்தில் ‘மணமூட்டி சேர்க்கப்பட்டது’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். நாம் பெயர் தெரியாதவர்களின் சமையலைத் தினமும் சாப்பிடுகிறோம், அவர்கள் கலக்கியதைப் பூசிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறோம்.

உலக அளவில் இந்தச் சந்தையை நான்கு பெயர்கள் பெரும்பாலும் பங்குபோட்டுக்கொள்கின்றன: ஜிவோடான், டிஎஸ்எம்-ஃபிர்மெனிக், ஐஎஃப்எஃப், சிம்ரைஸ். இவற்றில் ஒன்றின் வேர் நம் ஊரில் நன்றாகவே ஓடியிருக்கிறது. பிரிட்டனில் மூன்று பழைய எசென்ஸ் கம்பெனிகள் 1966-இல் ஒன்றுசேர்ந்து ‘புஷ் போக் ஆலன்’ ஆயின. அதன் இந்திய நிறுவனம் இருந்தது சென்னைப் பரங்கிமலையில், செவன் வெல்ஸ் தெருவில். 2000-இல் அமெரிக்காவின் ஐஎஃப்எஃப் தாய் நிறுவனத்தை வாங்கியபோது பரங்கிமலையும் அதனோடு கைமாறியது. பின்னாளில் அதே ஐஎஃப்எஃப் ஆந்திர எல்லை தாண்டி ஸ்ரீசிட்டியில் ஆலை போட்டது. அதாவது எங்கள் கும்மிடிப்பூண்டித் தடத்தையே இன்னும் கொஞ்சம் நீட்டினால் வாசனைத் தொழிற்சாலை வந்துவிடும். நடுவில் நாங்கள் இருக்கிறோம்.

புதிதாகச் சேர்கிறவருக்கு முதலில் கிடைப்பது தராசு. நூற்றுக்கணக்கான பாட்டில்கள். ஃபார்முலாத் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக எடை போட்டுக் கலக்க வேண்டும். சிலது சொட்டுக் கணக்கு, சிலது ஆயிரத்தில் ஒரு பங்காகக் கரைத்து வைத்திருப்பதில் சொட்டுக் கணக்கு. கை தவறி நேரடிப் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால் அந்தக் கலவை முழுக்கச் சாக்கடைக்குத்தான். கலக்கிக்கொண்டே முகரவேண்டும். பெயரையும் மணத்தையும் ஒட்ட வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1954-இல் தொடங்கிய ஃப்ளேவர் வேதியியலாளர் சங்கத்தில் முழு உறுப்பினராவதற்கு மூத்தவர் ஒருவரின் கீழ் ஏழு வருடம் பயிற்சி வேண்டும். நம் பக்கத்தில் பட்டம் தரும் இடங்கள் குறைவு. மும்பைப் பல்கலையின் வேதித்தொழில்நுட்பத் துறையாக இருந்த பழைய யூடிசிடி ஒன்று, கன்னௌஜில் 1991 முதல் இயங்கும் மத்திய அரசு மையம் ஒன்று. மற்றபடி தராசுதான் கல்லூரி. தானாகவே கற்றுக்கொண்டவர்களும் உண்டு. 1948-இல் மைசூரில் ஊதுபத்தித் தொழில் தொடங்கி, பின்னாளில் ‘சைக்கிள்’ பிராண்டாக வளர்த்த என். ரங்கராவ் பள்ளியில் வாசனை படித்தவர் அல்ல.

எசென்ஸ் அண்ணன் முதல் ஐந்து வருடம் தலையில் தேங்காய் எண்ணெய் வைக்கவில்லை. பவுடர் போடவில்லை. காலையில் வெங்காயச் சட்னி கிடையாது. அண்ணி பூ வைத்துக்கொண்டு பக்கத்தில் வரக்கூடாது என்று ஒரு காலத்தில் சட்டம் போட்டாராம். அது எத்தனை நாள் நின்றது என்று அவர் சொல்லவில்லை. சென்ட் கடைகளில் நடுநடுவே காபிக்கொட்டையை முகரச் சொல்வார்கள் இல்லையா, அதைச் சொன்னால் சிரிப்பார். “அது கடைக்காரன் வித்தை தம்பி. உள்ள இருக்கறவன் தன் முழங்கையத்தான் மோந்து பாப்பான். நம்ம தோல் வாசனைதான் நமக்கு ஜீரோ.”

ஜீரோ என்று அவர் சொன்னது முக்கியமான சொல். மூக்குக்குச் சீக்கிரம் பழகிவிடும். ஒரே மணம் தொடர்ந்து வந்தால் சில நிமிடங்களில் மூளை அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடுகிறது. வீட்டுக்காரருக்குத் தன் வீட்டு வாசனை தெரியாமல் இருப்பது இதனால்தான். ஆய்வகத்தில் இதற்கு மருந்து இடைவெளி: வெளியே போய் நிற்பது, முழங்கையை முகர்வது, நாளைக்கு மீண்டும் பார்ப்பது. எண்ணூரில் இதற்கு மருந்து கிடையாது. ‘உங்களுக்குப் பழகியிருக்குமே’ என்று வெளியூர்க்காரர்கள் ஆறுதலாகச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். பழகுவது மூக்கு. நுரையீரல் பழகுவதில்லை.

வாசனை சேர்க்கும் ஆலைக்குள்ளும் நுரையீரல் பழகுவதில்லை என்பதை 2000-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஒரு பாப்கார்ன் ஆலை காட்டியது. அங்கே வேலை செய்தவர்களில் எட்டுப் பேருக்கு மூச்சுச் சிறுகுழல்கள் தழும்பேறி அடைத்துப்போகும் மீளமுடியாத நோய் வந்தது. காரணமாகச் சுட்டப்பட்டது டைஅசிட்டைல். வெண்ணெய் உருகும்போது வரும் அந்த இனிய மணத்தின் சொந்தக்காரன். பாக்கெட்டைப் பிரிக்கிறவருக்கு ஒரு துளிதான், தொட்டியைக் கிளறுகிறவருக்கோ நாள் முழுக்க ஆவி. அண்ணன் வேலை பார்த்த இடத்தில் எடை அறைக்குப் பின்னாளில் பெரிய எக்ஸாஸ்ட் போட்டார்கள். அதற்கு முன்பிருந்த வருடங்களைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

மல்லிக்குள் ஒரு சாக்கடை

பாரிமுனைக்குப் பின்னால் நைனியப்ப நாயக்கன் தெருவில் நுழைந்தால் அடுத்தடுத்து கெமிக்கல் கடைகள். அலுமினியக் கேன், நீல பேரல், கூம்பு வைத்த பாட்டில். ரோஸ்மில்க் எசென்ஸ், ஐஸ்கிரீம் எசென்ஸ், ஊதுபத்திக் காம்பவுண்டு, ஃபினாயிலுக்கு எலுமிச்சை, சந்தன வில்லைக்குச் சந்தனம். நாலு தெரு தள்ளி பத்ரியன் தெருவில் பூக்கடைகள். மொத்தப் பூச்சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போன பிறகும் அங்கே மல்லிக் கூடைகள் இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. பாட்டில் மல்லியும் பந்து மல்லியும் இவ்வளவு பக்கத்தில் விற்கிற இடம் வேறு எங்காவது இருக்குமா என்று யோசித்திருக்கிறேன்.

மல்லியை முகரும்போது நாம் முகர்வதில் இண்டோல் என்று ஒன்று உண்டு. தனியே பாட்டிலைத் திறந்தால் பூச்சி உருண்டையும் மலமும் கலந்த வீச்சம். ஆயிரத்தில் ஒரு பங்காகக் கரைத்தால் பூ. மல்லியின் அந்தக் கிறக்கமான அடிக்குரல் இண்டோலால்தான் வருகிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சோப்பு மல்லி. பெரம்பூர் ஓட்டேரி நல்லா கால்வாயிலும் இண்டோல் உண்டு, கல்யாணப் பெண்ணின் சடையிலும் உண்டு. அளவுதான் வித்தியாசம். எசென்ஸ் அண்ணன் இதை எனக்குச் சொன்னபோது நான் கல்லூரியில் இருந்தேன். இரண்டு நாள் பூக்காரம்மாவைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

காசிமேட்டுக் கவுச்சியின் தலைவன் டிரைமெத்தில் அமீன். கடல்மீன் உப்பு நீரைச் சமாளிக்க உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் மணமற்ற ஒரு பொருளை, மீன் செத்தபின் பாக்டீரியா உடைக்கும்போது பிறப்பது. அமீன்கள் காரத்தன்மை உடையவை. அமிலம் பட்டால் ஆவியாகாமல் அடங்கிவிடும். மீனைக் கல் உப்பும் புளித்தண்ணியும் போட்டு உரசிக் கழுவும் நம் அம்மாக்களுக்கு இந்தச் சமன்பாடு எழுதத் தெரியாது, செய்யத் தெரியும்.

அடுத்தது கந்தகம். சமையல் எரிவாயுவுக்குத் தனக்கென்று சொல்லிக்கொள்ளும் மணம் கிடையாது. நாம் ‘கேஸ் வாசனை’ என்பது வேண்டுமென்றே சேர்த்த எத்தில் மெர்காப்டன். நூறு கோடிப் பங்கு காற்றில் ஒரு பங்குகூடத் தேவையில்லை, மூக்கு எழுந்து நிற்கும். இதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று டெக்ஸாஸின் நியூ லண்டன் பள்ளிக்கூடத்தில், மணமில்லாத எரிவாயு கசிந்து நிறைந்திருப்பது யாருக்கும் தெரியாமல் வெடித்து, ஏறக்குறைய முந்நூறு பேர் செத்தார்கள். பெரும்பாலும் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் அங்கே எரிவாயுவுக்கு நாற்றம் கட்டாயமானது. எண்ணூரில் எல்பிஜி இறக்கும் முனையம் இருக்கிறது. அங்கிருந்து போகும் சிலிண்டர் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த நாற்றம்தான் காவல்காரன். உலகத்தில் அதிகம் பேரைக் காப்பாற்றிய ‘சென்ட்’ எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அதைச் செய்தவருக்கும் பெயர் இல்லை.

இதே கந்தகக் குடும்பம்தான் மாம்பழ எசென்ஸையும் காப்பாற்றுகிறது. லாக்டோன்கள் பழத்தின் இனிப்புச் சதையைத் தரும், பச்சைப் புல் வாசனையுள்ள ஆல்கஹால் தோலைத் தரும். ஆனாலும் மூக்கு நம்பாது. கந்தகச் சேர்மம் ஒன்றின் மிகச் சிறிய தடயம் சேர்ந்த பிறகுதான், வைக்கோலில் பழுத்த பழம் வந்து உட்காரும். “கேஸ் லீக்கும் மல்கோவாவும் பங்காளிங்க” என்பார் அண்ணன். வறுத்த காபிக்கொட்டையின் உயிரும் ஒரு கந்தகச் சேர்மம்தான். கும்பகோணத்துக்காரர்கள் மன்னிக்கவும்.

மணலி இல்லாமல் மணம் இல்லை

ஆலைகள் நிறைந்த மணலியைப் பற்றி நகரம் பேசுவதெல்லாம் ஒரே சுருதி: புகை, நாற்றம், நச்சு. எல்லாம் உண்மை. ஆனால் அண்ணன் வேலை பார்த்த உலகத்துக்கும் மணலிக்கும் உள்ள சம்பந்தம் பலருக்குத் தெரியாது.

எசென்ஸ் பாட்டிலில் எசென்ஸ் கொஞ்சம்தான் இருக்கும். மிச்சம் அதைச் சுமந்து வரும் கரைப்பான். உணவு எசென்ஸ்களில் அந்தக் கரைப்பான் பெரும்பாலும் புரொபிலீன் கிளைகால். ரோஸ்மில்க்கில் ரோஜாவைச் சுமக்கிற கழுதை அதுதான். கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது புரொபிலீன் வாயு கிடைக்கும். அதிலிருந்து புரொபிலீன் ஆக்ஸைடு. அதோடு தண்ணீர் சேர்ந்தால் கிளைகால். உடன் பிறக்கும் டைபுரொபிலீன் கிளைகால் சென்ட்டுகளுக்கும் ஊதுபத்திக் காம்பவுண்டுக்கும் கரைப்பான். இந்தியாவில் இந்தக் கிளைகால் தயாரிப்பில் தனி இடம் பிடித்த நிறுவனம் 1986-இல் தொடங்கிய மணலி பெட்ரோகெமிக்கல்ஸ். பக்கத்திலேயே சுத்திகரிப்பு ஆலை. 1965-இல் பதிவாகி 1969-இல் ஓடத் தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரிஸ், இன்றைய சிபிசிஎல்.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நிலக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் விளையும் மல்லியும், சத்தியமங்கலம் கோவைப் பக்கத்துப் பிச்சியும் பிரான்சு வரைக்கும் போகின்றன. பூவாகப் போவதில்லை. காலையில் மொட்டாகப் பறித்ததை ஆலையில் பரப்பி வைப்பார்கள். ராத்திரி அது வாய் திறந்ததும் தொட்டியில் கொட்டிக் கரைப்பானால் கழுவி மணத்தை உருவுவார்கள். மெழுகு போல மிஞ்சுவதற்குக் கான்க்ரீட் என்று பெயர். ஒரு கிலோ கான்க்ரீட்டுக்கு மல்லி அரை டன்னுக்குக் குறையாமல் வேண்டும். அதை ஆல்கஹாலில் கழுவி எடுப்பது அப்சல்யூட். கழுவும் கரைப்பான்? ஹெக்ஸேன். பெட்ரோலியத்திலிருந்து வருவது. மணலி சுத்திகரிப்பு ஆலையின் பொருள் பட்டியலிலும் ஹெக்ஸேன் உண்டு. ‘முழுக்க முழுக்கப் பூவிலிருந்து’ என்று விளம்பரம் சொல்லும்போது அந்தப் பூ குளித்த பெட்ரோலை யாரும் சொல்வதில்லை.

வெண்ணிலாவையும் சொல்லிவிடுகிறேன். 1874-இல் ஜெர்மனியின் ஹோல்ட்ஸ்மிண்டன் ஊரில் வில்ஹெல்ம் ஹார்மன் பைன் மரச்சாற்றிலிருந்து வெண்ணிலினைச் செய்து விற்கத் தொடங்கினார். செயற்கை வாசனைத் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி அதுதான். அந்தக் கம்பெனிதான் 2003-இல் பக்கத்து வீட்டுக் கம்பெனியோடு சேர்ந்து சிம்ரைஸ் ஆனது. இன்று ஐஸ்கிரீமில் இருக்கும் வெண்ணிலினில் பெரும்பகுதி மரத்திலிருந்தும் வருவதில்லை, கொடியிலிருந்தும் வருவதில்லை. எண்ணெய்க் கிணற்றில் தொடங்குகிறது.

மணலியில் டிடர்ஜென்டுக்கான மூலப்பொருளும் தயாராகிறது. சலவைத் தூளின் உடம்பு வடக்கே பிறக்கிறது. அதன் இயல்பான வாடையை மூடுவதற்கு லாவண்டரையும் ரோஜாவையும் வேறிடத்தில் கலக்கிறார்கள். துவைத்த துணியின் ‘ஃப்ரெஷ்’ வாசனை என்று நாம் நம்புவதில் பாதி, இன்னொரு வாசனையின் மேல் போட்ட போர்வை. ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவருக்குப் போர்வை இல்லாத பாகம் வந்து சேர்கிறது. இதைத்தான் நான் இவ்வளவு சுற்றி வந்து சொல்ல நினைத்தேன். நகரத்தின் கமகமப்பும் எங்கள் கப்பும் ஒரே குழாயின் இரண்டு முனைகள்.

மூக்கு சொன்னால் யார் கேட்கிறார்கள்

பெர்ஃப்யூம் படிப்பில் முதல் கஷ்டம் சொல். மணத்துக்குப் பெயர் வைக்கத் தெரியாவிட்டால் நினைவில் நிற்காது. பிரெஞ்சுக்காரர்கள் இதற்காக ஒரு அகராதியே வைத்திருக்கிறார்கள். வடசென்னை அகராதியைப் பாருங்கள்: கவுச்சி வேறு, முடை வேறு. மசாலா வதங்காவிட்டால் பச்சை வாடை. சோறு அடிபிடித்தால் தீய்ந்த வாடை, சாம்பார் ராத்திரி தாண்டினால் ஊசல். மழைக்காலத் துணியில் முக்கல். ஆட்டுத் தோலில் மொச்சை. மிளகாய் வறுத்தால் கமறல், ஆசிட் என்றால் நெடி. இவை எதற்கும் அடங்காதது கப்பு. “இன்னாபா கப்பு” என்று ஒருவர் சொன்னால் சாக்கடையா, குப்பைமேடா, கம்பெனியா என்று அடுத்த கேள்வி வரும். கேட்கிறவருக்கும் பதில் தெரியும். கொடுங்கையூர்க் குப்பைமேடு முந்நூறு ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது. அது எரிகிற நாளின் வாடையையும் நனைந்த நாளின் வாடையையும் பிரித்துச் சொல்லாத ஆள் அங்கே கிடையாது.

அதிலும் ‘வாடை’ என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரு கூடுதல் பொருத்தம். தமிழில் வாடை என்றால் வடக்கிலிருந்து வீசும் காற்று. வாடை என்றால் வீச்சம். திருவொற்றியூரில் இரண்டும் ஒன்றாகவே வருகின்றன. ஐப்பசி பிறந்து வடகிழக்குக் காற்று திரும்பினால் எண்ணூர் எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது மணலியின் முறை. மீனவர்கள் வலைக்காகக் காற்றைப் பார்ப்பார்கள். நாங்கள் ஜன்னலுக்காகப் பார்ப்போம்.

2023-இன் வாடைக்காலம் மறக்க முடியாதது. டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வெள்ளம். அதோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகு, வலை, வீட்டுச் சுவர், நாய் என்று எல்லாவற்றிலும் கறுப்பு. வாரக்கணக்கில் தலைவலி தரும் வாடை. அது அடங்குவதற்குள் டிசம்பர் 26. சுனாமி நினைவு நாள் என்பதால் கடற்கரைக் குப்பங்களில் பகலில் கடலில் பால் ஊற்றியிருந்தார்கள். அன்று நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பமும் சின்னக்குப்பமும் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடின. கண் எரிச்சல், மூச்சுத் திணறல், வாந்தி. ஐம்பது பேர் அளவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சைரன் ஒலித்து யாரும் எழவில்லை. மூக்குதான் எழுப்பியது.

பத்து மாதம் கழித்து, 2024 அக்டோபர் 25. திருவொற்றியூர் கிராமத் தெருவில் ஒரு பள்ளிக்கூடம். ஏதோ வாடை என்று பிள்ளைகள் சொன்னார்கள். முப்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு மயக்கமும் தொண்டை எரிச்சலும். கருவிகளோடு ஆட்கள் வந்தார்கள். கருவிகளில் ஒன்றும் சிக்கவில்லை என்றார்கள். நவம்பரில் பள்ளியைத் திறந்தபோது மீண்டும் அதே கதை. ‘மனப்பிரமையாக இருக்கலாம்’ என்று பேசியவர்களும் உண்டு.

இங்கேதான் எனக்கு எசென்ஸ் அண்ணனின் கம்பெனி நினைவுக்கு வருகிறது. அங்கே லட்சக்கணக்கில் விலையுள்ள கேஸ் குரோமட்டோகிராஃப் இருந்தது. சாம்பிளைப் பிரித்து எதெது எவ்வளவு என்று கோடு போட்டுக் காட்டும். மெஷின் ‘ஒன்றுமில்லை’ என்று கோடு போட்ட இடத்தில் மூத்த ஆள் ஒருவர் முகர்ந்து ‘ஏதோ இருக்கு’ என்றால், சரக்கு வெளியே போகாது. மெஷின் பிடிக்காததை மூக்கு பிடிக்கும் என்பது அந்தத் தொழிலில் பாலபாடம். மனிதனுக்கு ஏறக்குறைய 400 வகை மண உணரிகள். அவற்றைக் கண்டுபிடித்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு. அதே மூக்கு, அதே 400 உணரிகள், சம்பளப் பட்டியலில் இருந்தால் கருவி, பள்ளிக்கூட பெஞ்சில் இருந்தால் பிரமை.

மூக்குக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகிய முட்டை வாடை, கொஞ்சமாக இருக்கும்போது உடனே தெரியும். பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தொட்டால் மண நரம்பே மரத்துவிடும். வாடை போய்விட்டது என்று பாதாளச் சாக்கடைக்குள் இன்னும் ஒரு படி இறங்கியவர்கள் திரும்பி வராத கதை இதனாலும்தான். நாற்றம் நின்ற இடத்தில் ஆபத்து நிற்கவில்லை.

மூக்கின் சாட்சியத்தைக் காகிதத்தில் ஏற்றிய ஊர் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமங்களில் 2004-இல் ஊர்க்காரர்களே கண்காணிப்பாளர்களானார்கள். சுற்றுச்சூழல் செயல்பாட்டாளர்கள் பயிற்சி கொடுத்தார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், வாடை எதைப் போல? அழுகிய முட்டைக்கோசா, செத்த எலியா, நகப்பூச்சா? பள்ளிப்படிப்பு முடிக்காதவர்கள் ஒரு பெர்ஃப்யூமரின் பயிற்சிக் குறிப்பேட்டைத் தங்களை அறியாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட நச்சு வேதிப்பொருட்கள் அதில் இருந்தன. அதுவரை ‘ஜனங்கள் சும்மா சொல்கிறார்கள்’ என்றிருந்தது, அன்றைக்கு அறிக்கையானது.

போன ஐப்பசியில் அண்ணனைப் பார்க்கப் போயிருந்தேன். எழுபதைத் தாண்டிவிட்டார். ராத்திரி ஒன்பது மணி, மொட்டை மாடி, கயிற்றுக் கட்டில். அண்ணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, “இவரு மூக்கு இன்னும் ரிடையராவல” என்று சொல்லி இறங்கிப் போனார். பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். வடக்கிலிருந்து ஒரு காற்று. எனக்குக் கப்பு என்பதற்கு மேல் தெரியவில்லை.

“கெந்தகம்தான்,” என்றார். “ஆனா கேஸ் இல்ல. இரு.”

முழங்கையை மடக்கி முகர்ந்தார். இரண்டு மூச்சு காத்திருந்தார். மீண்டும் காற்றை முகர்ந்தார். அன்றைய காலண்டர் தாளைக் கிழித்து வைத்திருந்தார் போல. பாக்கெட்டிலிருந்து எடுத்து, அதன் பின்பக்கத்தில் செல்போன் வெளிச்சத்தில் எழுதினார். 9.12. வாடை. அழுகிய கோசு, அடியில் கொஞ்சம் ரப்பர். நடுத்தரம்.

“மொதல்ல தராசு எழுதிப் பழகின கை,” என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளைக் கட்டிலுக்கடியிலிருந்த பிஸ்கட் டப்பாவில் போட்டார். டப்பா முக்கால்வாசி நிறைந்திருந்தது.